திரும்பி வராத சர்வர்

— அலெக்ஸ், அது இன்னும் திரும்பி வரலடா.

— எது அக்கா?

— எதுவா? சர்வர்டா! ஏத்த வேண்டியதெல்லாம் ஏத்தி முடிச்சு ரீஸ்டார்ட் குடுத்தேன். அணைஞ்சு எழுந்துக்க அஞ்சு நிமிஷம் போறும். அரை மணி ஆறது. கூப்பிட்டாப் பதிலே இல்ல.

— ஞாயித்துக்கெழமல்லாக்கா, அதுவும் செத்த கண்ணசரும் போல.

— வெளையாடாதே. நீ எங்க இருக்கே?

— கம்பெனி கேட்டுப் பக்கத்துல டீக்கடையிலக்கா. நீங்க அப்கிரேடு பண்ணும்போது ஒரு ஆளு இங்க இருக்கணும்னு சொன்னீங்கள்லா, அதான் சர்ச்சுல பூசை முடிஞ்சு வீட்டுக்குக்கூடப் போகாம நேரா வந்துட்டேன்.

— அப்ப உள்ள ஓடு. சர்வர் ரூமுக்குப் போய் அது முன்னாடி நின்னுண்டு பேசு. நேக்கு இங்க ஸ்ரீவில்லிபுத்தூர்லேர்ந்து என்ன தெரியும்? கறுப்பா ஒரு திரை, அதுல ஒரு கோடு மின்னிண்டிருக்கு. அவ்வளவுதான்.

— போறேன்க்கா. பதறாதீங்க. ஒண்ணும் ஆகாதுக்கா.

— அம்மா! அம்மா, இங்க வாயேன்.

— ஏண்டிம்மா கத்தறே? குக்கர் சத்தத்துல ஒண்ணும் காதுல விழல.

— லேப்டாப் சரியறதும்மா. ஸ்டாண்டைக் கொஞ்சம் கிட்டக்க நகர்த்து. இன்னும். ம், போறும்.

— கார்த்தாலேர்ந்து ஒரே பக்கமா ஒருக்களிச்சுண்டு கெடக்கே. திருப்பி விடட்டுமாடி ப்ரியா? மறுபடி முதுகுல புண் வந்துடப் போறது.

— இப்ப வேண்டாம்மா. திருப்பினா ஸ்க்ரீன் தெரியாது.

— அந்தக் கம்பெனிக்கு ஸ்கூட்டர்ல போயிண்டிருந்தப்போதானே மம்சாபுரம் விலக்குல லாரிக்காரன் இடிச்சான். இடுப்புக்குக் கீழ உணர்ச்சியில்லாம இப்படிக் கெடக்கறச்சயும் அதே கம்பெனியா?

— அம்மா, போன் ஆன்ல இருக்கு. அவன் கேட்டுண்டிருக்கான்.

— கேக்கட்டுமே. நான் என்ன இல்லாததையா சொன்னேன்?

— எக்கா, ரூமுக்குள்ள வந்துட்டேன்.

— லைட் எரியறதா?

— பச்ச லைட்டு சிமிட்டுது. ஃபேன் ஓடுது. ஸ்க்ரீன்ல லாகின் கேக்குது. நல்லாத்தானக்கா இருக்கு.

— லாகின் கேக்கறதா? அதுக்கு மேல ஒரு வரி இருக்குமே, வெர்ஷன் நம்பரோட. படி.

— பதினெட்டுன்னு ஆரம்பிக்குதுக்கா.

— சரியாப் பாரு. இருபதுன்னு இருக்கணும்.

— பதினெட்டுதான்க்கா. கண்ணாடியத் தொடச்சிட்டும் பாத்துட்டேன்.

— பதினெட்டு பழசுடா. நான் இருபதை ஏத்தி, முடிஞ்சதுன்னு வந்ததையும் என் கண்ணால பார்த்தேன். அப்பறம் எப்படிப் பதினெட்டு நிக்கும்?

— ஒருவேள ஏறலயோ என்னமோ.

— சரி, லாகின் போட்டு உள்ள போ. 'அப்டைம்'னு அடி. எத்தனை நாழியா நிக்காம ஓடறதுன்னு அதுவே சொல்லும்.

— அடிச்சிட்டேன். நாள்கணக்கா ஓடுதுன்னு காட்டுதுக்கா. இன்னைக்கு நிக்கவே இல்ல.

— அப்ப நான் அணைச்சு எழுப்பின மிஷின் எது?

— அது எனக்கு எப்படிக்கா தெரியும்?

— அங்க வேற பெட்டி எதாவது இருக்காடா? புதுசா?

— இல்லக்கா. இது ஒண்ணுதான். நீங்க பாத்துப் பாத்து வாங்கி வச்சது.

— நன்னாப் பாத்துச் சொல்லு.

— பாத்துட்டுத்தான் சொல்லுதேன். வெயில்ல அலைய விடாதீங்கக்கா. இன்னைக்கு விட்டுருங்க, நாளைக்குப் பொறுமையாப் பாத்துக்கலாம்.

— நாளைக்கா? விடிஞ்சா தூத்துக்குடிக்கு லாரி போகணும்டா. லேபிள் ஒட்டாம ஒரு பெட்டி துறைமுகத்துக்குள்ள நுழையாது. எந்த பேண்டேஜ் ரோல் எந்த நாள்ல ஸ்டெரிலைஸ் ஆச்சுன்னு மொத்தமும் சர்வர்லதான் இருக்கு. நீ என்னடான்னா நாளைக்குங்கறே.

— பேக்கப்பு இருக்கும்லாக்கா.

— போன வருஷம் பத்து நிமிஷம் நின்னதே, ஞாபகம் இருக்கா? நான் ஆண்டாள் சன்னிதி க்யூவுல நின்னுண்டிருந்தேன். போன் மேல போன் போட்டே. இன்னிக்கு அரை மணியா செத்துக் கெடக்கு. நீ டீ குடிச்சுண்டிருக்கே.

— அனுபவம் வந்துட்டுல்லாக்கா.

— பொய் சொல்றே அலெக்ஸ்.

— நான் எதுக்குக்கா உங்ககிட்ட பொய்... செத்த இருங்க. வெளியில யாரோ...

— யாருடா அது, இப்படிக் கத்தறது?

— பேக்கிங்ல காளீஸ்வரி அக்கா. நாளைக்கு லாரின்னு இன்னைக்குப் பத்துப் பேரு ஓவர்டைமுக்கு வந்திருக்காங்க. சாப்பிட்டு இப்பத்தான் வேலையில ஒக்காந்தாங்க. என்னக்கா? என்ன சொல்லுதீங்க? ஸ்கேனருமா? அம்புட்டுமா?

— என்னடா சொல்றா?

— மாதாவே!

— அலெக்ஸ்! என்கிட்ட சொல்லு.

— லேபிள் வரலயாம்க்கா. ஸ்கேனரும் செத்துப் போச்சாம். ஒண்ணுமே வேல செய்யலயாம்.

— உன் முன்னாடி இருக்கற மிஷின் நன்னா ஓடறதுன்னியே?

— ஓடுதுக்கா.

— ஓடினா லேபிள் ஏன் வரல?

— எக்கா...

— கேக்கறேன்ல? சொல்லு.

— எங்கம்மா மேல சத்தியமாச் சொல்லுதேன், நான் உங்கள ஏமாத்தணும்னு நெனக்கலக்கா. லேபிளு இந்த மிஷின்ல இல்ல. லேபிளு, ஸ்டாக்கு, எல்லாமே இருதயம் ஐயா கேபின்ல இருக்க புது மிஷின்ல ஓடுது. மதுரக்காரவிய வந்து வச்சிட்டுப் போனாவ. ஆடி மாசம்.

— ம்.

— எக்கா? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன். எங்க போவேன்? சொல்லு.

— நீங்க ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்த சமயம். மிஷின் அடிக்கடி நிக்கும், நான் உங்களக் கூப்பிடுவேன், நீங்க வலியில மொனங்கிக்கிட்டே என்ன செய்யணும்னு சொல்லுவீங்க. ஒரு நா ஐயா பக்கத்துல நின்னு அதக் கேட்டுட்டாவ. 'ஏலே, அந்தப் புள்ளைய இனிமே தொந்தரவு பண்ணாத. மொதலாளின்னு நான் ஒருத்தன் இருக்கேன்னு சொல்லவே வெக்கமா இருக்கு. மதுரையில ஆள் பாப்போம். ஆனா ப்ரியாகிட்ட மூச்சு விடாத. பழசு அது பாட்டுக்கு ஓடட்டும், அந்தப் புள்ள அதப் பாத்துக்கிட்டு இருக்கட்டும், சம்பளமும் போகட்டும்'னாவ.

— ஓ. பார்த்துண்டிருக்கட்டும்னாரா?

— எரக்கப்பட்டுத்தான்க்கா சொன்னாவ.

— ஆனா புதுக் கணக்கெல்லாம் தெனம் பழசுல வந்துண்டிருந்ததேடா.

— ராத்திரி ஒருக்கப் புதுசுல இருந்து அதுக்குக் காப்பி போயிரும். நீங்க பாத்தா சந்தேகம் வந்துரக் கூடாதுன்னு நாந்தான் அப்படி வச்சேன்.

— கார்த்தால எழுந்து பல் தேய்க்கறதுக்கு முன்னாடி அதோட டிஸ்க்கைப் பார்ப்பேன், தெரியுமோ? எடம் இருக்கா, சூடு ஏறியிருக்கான்னு. ரிப்போர்ட் எழுதி உனக்கு அனுப்புவேன். நீ 'சூப்பர்க்கா'ன்னு பதில் போடுவே.

— மன்னிச்சிருங்கக்கா.

— போன மாசம் பூரா கெஞ்சினேன். பழைய சிஸ்டத்துக்கு இனிமே பாதுகாப்பு கெடையாது, ஆடிட்டர் கேப்பான், அப்கிரேடு பண்ணியே ஆகணும்னு. ஐயா சரின்னுட்டாரேன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டேன். இப்பன்னா புரியறது, ஏன் ஒடனே சரின்னார்னு.

— சும்மா கெடக்க மிஷின்தான, அக்கா ஆசப்படி செய்யட்டும்னு நெனச்சோம். கெட்டுப் போனாலும் ஒண்ணும் ஆகாதுல்லா.

— ஒண்ணும் ஆகாது. அதான் வாய்க்கு வாய் ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னே.

— எக்கா, என்னை வையிங்க, என்ன வேணாலும் சொல்லுங்க. இப்ப என்ன செய்யன்னு மட்டும் சொல்லுங்கக்கா. பத்துப் பேரும் வாசல்ல நின்னு என் மூஞ்சியப் பாக்காங்க.

— நான் எப்பவும் வர்ற வழியிலதான் வந்தேன். அது எப்படிப் புது மிஷின்ல கொண்டு விட்டது?

— அது நாந்தான்க்கா. நேத்து ராத்திரி. ஸ்கேனரெல்லாம் பழைய மிஷினோட நெட்வொர்க் நம்பரத்தான் தேடுது. மதுரக்காரவிய நடுவுல ஏதோ ஒண்ணு வச்சு இத்தன நாளு திருப்பி விட்டாவ, அது அடிக்கடி மக்கர் பண்ணுச்சு. அதான் பழசோட நம்பரயே தூக்கிப் புதுசுக்குக் குடுத்துட்டேன். உங்க வழிய மாத்தி விடணும்னு நெனச்சேன், மறந்துட்டேன். மதுரக்காரவிய பழைய பதினெட்டு, லாகின் எல்லாத்தையும் அப்படியே கொண்டு போயிருந்ததால, அதுவும் உங்கள உள்ள விட்டுருச்சு.

— மதுரைக்காராளைக் கூப்பிடு.

— இன்னொரு போன்ல அடிச்சிக்கிட்டேதான் இருக்கேன். சுவிச் ஆஃப்.

— அப்ப கேபினுக்குப் போ.

— இங்கதான் நிக்கேன்க்கா. பூட்டிருக்கு. கண்ணாடிக் கதவு வழியாப் பெட்டி தெரியுது. லைட்டு எரியுது, ஆனா வயர் சொருகுற எடத்துல லைட்டே இல்ல. நாலடி தூரம்தான் இருக்கும். தொட முடியல.

— சாவி?

— ஐயாட்ட. வத்திராயிருப்புல அவிய தங்கச்சி மவனுக்குக் கல்யாணம்.

— போன் பண்ணு.

— பண்ணி என்னன்னுக்கா சொல்ல? நம்பர நான் மாத்துனேன், அக்காகிட்ட எல்லாத்தையும் ஒளறிட்டேன், இப்ப கம்பெனியே நிக்குதுன்னா? கதவ ஒடச்சிரட்டா?

— ஒடைச்சா மட்டும் சொல்ல வேண்டாமா? கூப்பிடு அலெக்ஸ்.

— நான் வேணா ஒரு கார் புடிச்சு உங்களக் கூட்டிட்டு வந்துரவா? ஸ்ரீவில்லிபுத்தூர் என்ன தூரமாக்கா, அரை மணி நேரம். நீங்க பக்கத்துல ஒக்காந்து சொன்னா எனக்குத் தைரியமா இருக்கும்.

— எப்படி ஒக்காருவேன்? தூக்கறதுக்கே நாலு பேர் வேணும். கூப்பிடுடா அவரை.

— சரிக்கா. பேசிட்டு வாரேன்.

— அம்மா.

— இங்கதான்டி நிக்கறேன். எல்லாம் கேட்டுண்டுதான் இருக்கேன்.

— போனை ம்யூட்ல போட்டுட்டேன். ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லு. உனக்குத் தெரியுமா?

— என்னது?

— அம்மா.

— அந்த இருதயம் ஆடி மாசம் ஆத்துக்கு வந்தாரேடி, கூடை நெறையப் பழத்தோட. நீ மருந்து மயக்கத்துல தூங்கிண்டிருந்தே. ஒக்காரச் சொன்னா ஒக்காரல. கூடத்துல நின்னுண்டே சொன்னார். நான் வேண்டாம்னு சொல்லத்தான் வாயெடுத்தேன்.

— ஏன் சொல்லல?

— நீ ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து பத்து நாள் சுவரைப் பார்த்துண்டு கெடந்தே. என்னோட பேசல. அப்பாவோட பேசல. அந்தப் பையன் போன் பண்ணி ஏதோ சர்வர்னு கேட்டான், அன்னிக்குத்தான் வாயைத் தொறந்தே. காபி வேணும்னு கேட்டே. அதையும் பிடுங்கிண்டா நீ என்ன ஆவேன்னு பயந்துட்டேன்டி.

— அதனால மூணு பேருமாச் சேர்ந்து கொழந்தைக்குச் சொப்பு குடுக்கற மாதிரி குடுத்தேள்.

— அப்படிச் சொல்லாதேடி. நேக்கு வேற வழி தெரியல.

— சரி, திருப்பி விடு. ஐயா வர்ற வரைக்கும் ஸ்க்ரீன்ல பார்க்க ஒண்ணும் இல்ல.

— மெதுவா. தலகாணியை எடுக்கறேன். காலை முன்னாடி போடறேன். வலிக்கறதா?

— கால்ல என்னம்மா வலிக்கும்? தோள்தான்.

— அழறயா?

— கண்ணாடியைக் கழட்டித் தொடச்சு மாட்டு. ஈரமாயிடுத்து.

— பெருமாளே, இந்தப் பொண்ணுக்கு இன்னும் என்னவெல்லாம் வெச்சிருக்கே?

— பெருமாளை விடும்மா. அலெக்ஸ், இருக்கியா?

— சொல்லிட்டேன்க்கா. ஐயா கெளம்பிட்டாவ. பந்தியில எல போட்டு ஒக்காந்தவிய அப்படியே எந்திச்சுட்டாவளாம்.

— வஞ்சாரா?

— இல்லக்கா. 'ப்ரியாவுக்குத் தெரிஞ்சிட்டா?'ன்னு மட்டும் கேட்டாவ. ஆமான்னேன். போன வச்சிட்டாவ. வஞ்சிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்.

— காளீஸ்வரி எங்க?

— தரையில ஒக்காந்திருக்காங்க, எல்லாரும். மிஷின் அம்புட்டையும் ஆஃப் பண்ணிட்டாங்க. இவ்வளவு அமைதியா இந்தக் கம்பெனிய நான் பாத்ததே இல்லக்கா. அந்தப் புது மிஷின் வந்துருமா?

— தெரியலடா.

— நீங்க செஞ்சா சரியாத்தானக்கா இருக்கும்.

— என் மிஷின்னா எந்த வயர் எங்க போறதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். இதை யார் எப்படிக் கட்டி வெச்சான்னே தெரியாது. இடையில எது முறிஞ்சதுன்னு பார்த்தாத்தான் தெரியும். பார்க்கறதுக்குத்தான் வழியில்லையே.

— அந்தோணியாருக்கு மெழுகுவத்தி நேந்திருக்கேன்.

— ரெண்டா நேந்துக்கோ.

— எக்கா! முக்கா மணி நேரமாச்சு, காரு வந்துட்டு. ஐயா வாராவ. பட்டு வேட்டியோட படியேறி ஓடி வாராவ. வணக்கம் ஐயா. ஆமா ஐயா, லைன்லதான் இருக்காங்க. ஐயா உங்ககிட்ட பேசணுங்காவக்கா.

— இப்ப வேண்டாம்னு சொல்லு. கதவைத் தொறக்கச் சொல்லு.

— தொறந்தாச்சு. உள்ள போயிட்டேன். எக்கா, இதுக்கு ஸ்க்ரீனும் இல்ல, கீபோர்டும் இல்ல. வெறும் பெட்டிய மட்டும் வச்சிட்டுப் போயிருக்காவ.

— பழசுலேர்ந்து கழட்டிண்டு வந்து மாட்டு.

— ஐயாவே போறாவ எடுக்க. கீபோர்டக் கக்கத்துல வச்சிக்கிட்டு வாராவ. மாட்டிட்டேன்க்கா. வருது, எழுத்து வருது. வெர்ஷன் இருபது! எக்கா, இருபதுன்னு இருக்கு! லாகின் கேக்குது!

— அப்பாடா. உயிர் இருக்கு. வீடியோவைப் போடு, நான் போன்ல பார்க்கறேன்.

— போட்டுட்டேன். தெரியுதா?

— உன் கட்டை விரல் தெரியறது. தள்ளிப் பிடி. இல்லடா, ஸ்க்ரீன் வெள்ளையா அடிக்கறது. ஒரு எழுத்தும் படிக்க முடியல.

— சன்னல் வெளிச்சம்க்கா. போனப் புடிச்சா அடிக்கக் கை பத்த மாட்டேங்குது.

— வீடியோவை அணைச்சுடு. நீ படி, நான் கேட்டுக்கறேன். லாகின் போட்டு நிதானமா அடி. ஐ, பி. ஒரு எடம் விடு. ஏ. என்டர்.

— என்னென்னமோ வருதுக்கா, திரை பூரா.

— ரெண்டுன்னு நம்பர் போட்டு ஒரு வரி இருக்கும். அதுக்குப் பக்கத்துல என்ன பேர்?

— ஈ, என், பி, மூணு, எஸ், சைபர்.

— ஆ! அதான்.

— என்னக்கா?

— புது சிஸ்டம் ஏறினதும் நெட்வொர்க் கார்டுக்குப் புதுப் பேர் வெச்சுடுத்து. ஃபைல்ல இன்னும் பழைய பேர் இருக்கு. மிஷின் அந்தப் பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டுண்டே இருக்கு. அந்தப் பேர்ல இப்ப யாரும் இல்ல. யார் திரும்புவா?

— அம்புட்டுதானா?

— அம்புட்டுதான். நான் அங்க இருந்தா ஒரு நிமிஷம். இப்ப நான் சொல்றதை எழுத்து எழுத்தா அடி. தப்பாப் போச்சுன்னா எது தப்புன்னு தெரியாம நாம ரெண்டு பேரும் முழிக்கணும்.

— ஒவ்வொரு எழுத்தாத் தேட வேண்டியிருக்குக்கா.

— தேடு. அடி.

— அடிச்சேன். ஃபைல் தொறந்துட்டு. நீங்க சொன்ன பழைய பேரு இருக்கு. அழிச்சிட்டேன். புதுசு போட்டுட்டேன். சேவ் பண்ணிட்டேன். திருப்பி ரீஸ்டார்ட் குடுக்கட்டா?

— குடு.

— குடுத்தாச்சு. ஐயா கேக்காவ, எம்புட்டு நேரம் ஆகும்னு.

— எனக்குத் தெரியாதுன்னு சொல்லு. எழுந்துடுத்தா?

— எந்திச்சிட்டுக்கா. லாகின் கேக்குது. உங்களுக்கு வருதா?

— அம்மா, ஸ்க்ரீன்ல எதாவது மாறித்தா? இல்லயாம்டா.

— வயர் லைட்டும் எரியல.

— இல்லடா, வரல. வரல. என்னடா பண்ணினே? என்னத்தை அடிச்சே?

— நீங்க சொன்னதத்தான்க்கா அடிச்சேன்!

— எனக்குத் தெரியலயே! நீ அடிச்சது எனக்குத் தெரியலயே!

— ப்ரியா, கொரலை உசத்தாதே. மூச்சு வாங்கறது பாரு. தண்ணி குடிக்கறயா?

— வேண்டாம்மா. அலெக்ஸ், கோவிச்சுக்காதே. மறுபடி ஃபைலைத் தொற. நீ போட்ட பேரை ஒரு ஒரு எழுத்தா எனக்குப் படி.

— ஈ. என். பி. மூணு. எஸ். ஓ.

— ஓவா?

— ஓ... ஐயோ. ஓ அடிச்சிருக்கேன்க்கா. சைபருக்குப் பதிலா.

— அழி. மேல நம்பர் வரிசைல கடைசில இருக்கே, அந்தச் சைபரை அடி.

— அடிச்சிட்டேன். இப்ப சைபர். சேவ். ரீஸ்டார்ட்.

— அம்மா, என்னை மறுபடி ஸ்க்ரீன் பக்கம் திருப்பு.

— இப்பதானேடி...

— திருப்பும்மா.

— எக்கா, வயர் லைட்டு! மஞ்சளா மின்னுது!

— பொறு. பொறு. வந்துடுத்து. அலெக்ஸ், பதில் சொல்றது. என் ஸ்க்ரீன்ல பதில் சொல்றதுடா!

— காளீஸ்வரி அக்கா! ஒண்ணு போட்டுப் பாருங்க! ஸ்கேன் பண்ணுங்க! வருதா? வருதுக்கா! லேபிள் வருது! கேக்குதா சத்தம்? பத்துப் பேரும் கை தட்டுறாங்கக்கா!

— கேக்கறது. நன்னாக் கேக்கறது.

— ஆண்டாள் தாயே, காப்பாத்தினே. ஏண்டிம்மா, இப்பவாவது ஒரு வாய் சாதம் சாப்பிடறயா? சாத்தமுது சுட வெக்கறேன்.

— கொஞ்ச நாழி கழிச்சும்மா. அலெக்ஸ், ஐயா என்ன சொல்றார்?

— இருங்கக்கா, என்னக் கூப்பிடுதாவ. செத்த நேரத்துல வாரேன்.

— ஏண்டி, மூஞ்சி ஏன் அப்படி ஆயிடுத்து? எல்லாம் சரியாயிடுத்தேடி.

— ஒண்ணுமில்லம்மா.

— எக்கா.

— சொல்லு. என்ன சொன்னார்?

— உங்களப் பத்தி ஒண்ணும் இல்ல. 'நல்லவேள அந்தப் புள்ள இருந்துச்சு'ன்னாவ. கண்ணு கலங்கிட்டு.

— உன்னை?

— நம்பர மாத்துனது யாருன்னு கேட்டாவ. நாந்தான்னேன். மதுரக்காரவியகிட்ட ஒரு வார்த்த கேட்டியா, என்கிட்ட கேட்டியான்னாவ. கேக்கல. அது நெசம்தானக்கா.

— அப்பறம்?

— சர்வர் ரூம் சாவிய வாங்கிக்கிட்டாவ. நாளையிலருந்து வர வேண்டாமாம்.

— அலெக்ஸ்!

— விடுங்கக்கா. தப்பு எம்பேர்லதான. நான் ஒழுங்கா வழிய மாத்தி வச்சிருந்தா நீங்க இந்த மிஷின்ல கால வச்சிருக்கவே மாட்டீங்க. கண்ணக் கட்டி வேற வீட்டுக்குள்ள விட்ட மாதிரி விட்டுட்டேன். அதத்தான் ஐயாட்டயும் சொன்னேன். 'அக்காவுக்கு ஒண்ணுமே தெரியாது ஐயா, எல்லாம் என்னாலதான்'னு.

— ஐயா இன்னும் அங்க இருக்காரா?

— காருகிட்ட நிக்காவ.

— போனை அவர்கிட்ட குடு.

— எனக்காக நீங்க சிபாரிசுக்குப் போக வேண்டாம்க்கா. எனக்கு ஒரு வேல கெடைக்காமலா போயிரும்? உங்களுக்கு இருக்கதும் கெட்டுரும்.

— குடுடா.

— ப்ரியா, என்னடி சொல்லப் போறே? மொகத்தைப் பார்த்தா நேக்கு பயமா இருக்கு. வேண்டாண்டி.

— நீ சித்த சும்மா இரும்மா.

— ஐயா, இந்தாங்க. அக்கா பேசணுங்காங்க.

— ஐயா, ப்ரியா பேசறேன். இல்லைய்யா, நன்றி எல்லாம் சொல்லாதீங்கோ. அலெக்ஸை அனுப்பாதீங்கோ, அவன் மேல தப்பில்ல. மூணு மாசமா அந்தப் பழைய மிஷின்ல நான் என்ன பண்ணினாலும் ஒருத்தரும் ஏன்னு கேட்டதில்ல. நின்னு போனா யாராவது பதறற மாதிரி ஒரு மிஷினை ஒரு தடவையாவது தொடணும்னு இருந்தது. இது நிக்கும்னு நான் நெனக்கல. ஆனா கார்த்தால உள்ள நுழையறச்சயே அது என்கிட்ட கேட்டது ஐயா, 'நீ எப்பவும் வர்ற மிஷின் இது இல்லையே, மேல போகணுமா?'ன்னு. நான்தான் 'எஸ்'னு அடிச்சேன்.